வாட்ஸ்அப் பிசினஸ்: விளம்பரச் செலவின்றிச் சேலை விற்பவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் நெய்யப்படும் சேலைகளை வாங்கி, வீட்டிலிருந்தபடியே விற்கும் பெண்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. எங்களுக்குக் கடையோ பெயர்ப்பலகையோ கிடையாது. ஒரு சேலைக்கு நூறு ரூபாய் கையில் நின்றாலே போதும் என்றிருக்கும் வியாபாரத்தில் விளம்பரத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குவதும் நடக்காத காரியம். ஆகவே, காசு கொடுக்காமல் வாடிக்கையாளரைச் சென்றடைய எந்தச் செயலி உதவுகிறது என்பது எங்களைப் பொறுத்தவரை பிழைப்பைப் பற்றிய கேள்வி. சிறு வியாபாரிகளுக்கென்று வாட்ஸ்அப் தனியாகத் தரும், நாள் முழுவதும் நான் பயன்படுத்தும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை அந்தக் கேள்வியை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

இச்செயலி 2018 ஜனவரியில் வெளிவந்தது. நண்பர்களும் உறவினர்களும் பகிர்பவற்றுக்கு முன்னுரிமை தந்து, வணிகப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்துக் காட்டப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்ததும் அதே மாதத்தில்தான். ஒரு பக்கத்தை ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், அன்றைய பதிவு அவர்களில் எத்தனை பேர் கண்ணில் படும் என்பதை அந்தத் தளத்தின் கணக்கீடே தீர்மானிக்கிறது. இன்ஸ்டாகிராமிலும் இதே நிலைதான். வாட்ஸ்அப்பில் நாம் ஒருவருக்கு அனுப்பும் செய்தி அப்படி வடிகட்டப்படாமல் அவருடைய கைப்பேசிக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. செலவில்லாத விற்பனைக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இச்செயலியின் உயிர்நாடி ப்ரோட்காஸ்ட் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருமுறை அனுப்பும் படம் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். அவர் அனுப்பும் பதிலும் நமக்கு மட்டுமே வரும். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது சேரும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் பலர் இதைப் பெருங்குறையாகச் சொல்கிறார்கள். நானோ இந்தக் கட்டுப்பாட்டைத்தான் செயலியின் முதல் சிறப்பாகக் கருதுகிறேன். எண்ணைச் சேமிப்பது வாடிக்கையாளர் மனமுவந்து தரும் அனுமதி. அந்த அனுமதியைக் கேட்டுப் பெறும் பழக்கம் நமக்கு வந்துவிட்டால், பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் வாங்கும் எண்ணத்தோடு படத்தைத் திறப்பவராக இருப்பார். சேலை கைக்குக் கிடைத்துவிட்டதா என்று விசாரிக்கும்போதே, "புது ஸ்டாக் வந்தா படம் அனுப்பட்டுமாக்கா?" என்று கேட்டுவிடுவது என் வழக்கம். "அனுப்பும்மா, ஆனா காட்டன் மட்டும் அனுப்பு, பட்டு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வரியில் அவரை எந்தப் பட்டியலில் வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. காட்டனுக்கு ஒன்று, சாஃப்ட் சில்க்குக்கு ஒன்று, மொத்தமாக எடுத்து விற்கும் ரீசெல்லர்களுக்கு ஒன்று என்று பிரித்து அனுப்பும்போது செய்திகள் குறைகின்றன, பதில்கள் கூடுகின்றன.

எண்ணைச் சேமிக்கச் செய்வதற்குச் செயலியே சில கருவிகளைத் தருகிறது. க்யூஆர் குறியீட்டை அச்சிட்டுப் பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் ஒட்டிவிடலாம். அதை ஸ்கேன் செய்பவருக்கு நம் உரையாடல் பக்கம் நேராகத் திறக்கும். முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் இடைவெளிக்குப் பிறகு எழுதுபவருக்கும் வரவேற்புச் செய்தி தானாகவே போகும். எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளை அதில் சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்து ஸ்டேட்டஸ். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதாலேயே சேலைக்கு இது பொருத்தமாக இருக்கிறது, ஏனெனில் ஒரே ஒரு சேலையாக வரும் சிங்கிள் பீஸ் சரக்கும் பெரும்பாலும் அதே வேகத்தில் தீர்ந்துவிடும். நம் எண் அவரிடமும் அவர் எண் நம்மிடமும் சேமிக்கப்பட்டிருந்தால் மட்டுமே நம் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும் என்பதால், புதிய எண் ஒன்று வந்தவுடன் பெயரும் ஊரும் சேர்த்துப் பதிந்துவிட வேண்டும். படம் எடுப்பதில்தான் பலர் அக்கறை காட்டுவதில்லை. ஃபிளாஷ் போட்டு எடுத்தால் ஜரிகை வெளுத்து, அரக்கு நிறம் சிவப்பாகிவிடும். காலை வெயில் நேரடியாக விழாத திண்ணையில் சேலையை விரித்து, முந்தியை ஒரு படமாகவும், பார்டரையும் உடலையும் சேர்த்து ஒரு படமாகவும், ப்ளவுஸ் பிட்டைத் தனியாகவும் எடுத்து, விலையையும் கூரியர் செலவையும் படத்தின் மேலேயே எழுதிவிட்டால், "விலை எவ்வளவு?" என்ற கேள்வியே எழாமல் "இருக்கா?" என்ற கேள்வி மட்டும் வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி விற்பனை முடிந்த மாதிரிதான். விலையை மறைத்து இன்பாக்ஸுக்கு வரச் சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லாதது. வாங்குபவரின் நேரத்துக்கு அதில் மரியாதையே இல்லை.

கேட்லாக்கில் 500 பொருள்கள் வரை படத்தோடும் விலையோடும் அடுக்கலாம். எப்போதும் கையிருப்பில் இருக்கும் பொடி, ஊறுகாய், பாத்திரம் போன்றவற்றை விற்பவருக்கு அது மிகவும் பயன்படும். தினமும் மாறும் சேலைச் சரக்குக்குக் கேட்லாக்கைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது வீண் உழைப்பு. புதிய ஆர்டர், பணம் வர வேண்டியது, பணம் வந்தது என்று உரையாடல்களுக்கு வண்ண லேபிள் இடும் வசதியோ பண்டிகைக் காலத்தில் நோட்டுப் புத்தகத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

குரூப் ஆரம்பிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிவதால், வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு போக வருபவர்களும் அதில் நுழைந்துவிடுகிறார்கள். பெண்கள் நம்மை நம்பித் தந்த எண்களை அப்படி வெளிப்படுத்துவது முறையுமன்று. நாம் பதிவிட, மற்றவர்கள் பின்தொடர்ந்து பார்க்கும் சேனல் வசதி 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதில் இந்தச் சிக்கல் இல்லை. பின்தொடர்பவரின் எண் மற்றவருக்குத் தெரியாது, எண்ணிக்கைக்கும் 256 என்ற வரம்பு கிடையாது. ஆயினும் சேனலின் அறிவிப்புகள் இயல்பாகவே ஒலியடக்கப்பட்ட நிலையில் இருப்பதால், ஒரே ஒரு சேலையை உடனே விற்க அது உதவாது. தீபாவளி, ஆடித் தள்ளுபடி போன்ற பொது அறிவிப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இச்செயலியின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. நம்மை அறியாத ஒருவர் நம்மைக் கண்டுபிடிக்க இதில் வழி மிகக் குறைவு. 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வரம்பு வந்தது. 2020இல், பலமுறை ஃபார்வர்ட் ஆன செய்தியை ஒருமுறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று அது மேலும் இறுகியது. வதந்தியைத் தடுக்க வந்த நல்ல விதிதான். எனவே வாடிக்கையாளர்களின் ஃபார்வர்டை மட்டுமே நம்பித் தொழிலைத் திட்டமிட முடியாது. புதியவர்களை இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் கூகுள் பிசினஸ் பக்கத்திலும்தான் தேட வேண்டும். அவ்விரண்டுக்கும் கட்டணமில்லை. அங்கே பார்த்தவர் இங்கே வந்துசேர, வாட்ஸ்அப் லிங்க்கை அந்தப் பக்கங்களில் போட்டு வைத்தால் போதும்.

இந்தச் சிரமத்துக்குக் குறுக்குவழியாகத் தொலைபேசி எண்களின் பட்டியலை விலைக்குத் தருவதாகச் சொல்லிக்கொண்டு சிலர் வருவார்கள். அவர்களை அண்டவே விடக் கூடாது. முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பினால் அவர்கள் ரிப்போர்ட் செய்வார்கள், எண் முடக்கப்படும். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வாட்ஸ்அப் மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில், இந்தியாவில் முடக்கப்பட்ட கணக்குகள் பல லட்சமாக இருப்பதைக் காணலாம். எண் முடங்கினால், வருடக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேரும் வழியும் அடைபட்டுவிடும்.

ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரங்கள் இடம்பெறும் என்று வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டா 2025 ஜூனில் அறிவித்திருப்பதையும் கவனிக்க வேண்டும். அங்கு நம் படங்கள் இனி விளம்பரங்களுக்கு நடுவே நிற்கும். எனவே இப்போது தொடங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான்: ஸ்டேட்டஸைவிட ப்ரோட்காஸ்ட் பட்டியலை வளர்ப்பதில் கூடுதல் நேரம் செலவிடுங்கள், தொழிலுக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள், தரைவழித் தொலைபேசி எண்ணையும் இதில் பதிவு செய்யலாம், வாடிக்கையாளர் எண்களைக் கைப்பேசியில் மட்டும் விட்டுவைக்காமல் கூகுள் கணக்கிலும் ஒரு நோட்டிலும் பதிந்து வாருங்கள்.