பேக்கேஜ் போனது, மாற்றம் போகவில்லை

டெபியன் லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ, பல வருடமாக இதுதான் என் டெஸ்க்டாப். சும்மா பார்க்கலாமே என்று ஒருநாள் கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பை முழுசாக நிறுவினேன். நடுவில் டெர்மினலில் நீலத் திரை ஒன்று வந்து, லாகின் திரைக்கு ஏற்கனவே இருந்த லைட்டிஎம்மா, கேடிஇயோடு வந்த எஸ்டிடிஎம்மா என்று கேட்டது. புதுசையே பார்ப்போம் என்று எஸ்டிடிஎம்மைக் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் ஆசை தீர்ந்தது. நீக்கப் போனால், நீங்கியது மெட்டா பேக்கேஜ் மட்டும்தான். எந்தெந்த பேக்கேஜ்கள் வேண்டும் என்று சொல்லும் வெறும் பட்டியல் அது. அது இழுத்து வந்த கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. மெனுவில் இரண்டு டெர்மினல், இரண்டு ஃபைல் மேனேஜர். தேவையற்றதை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுத்தும் பாதிதான் போனது. ஒன்றை வேறொரு பேக்கேஜ் சும்மா பரிந்துரைத்திருந்தால்கூட அதை ஆப்ட் (டெபியனின் நிறுவல் கருவி) தொடாது.

கைகொடுத்தது ஆப்டின் ஹிஸ்டரி லாக். என்றைக்கு, எந்தக் கட்டளையால், எவையெல்லாம் வந்தன என்று ஒரே நீள வரியாக அதில் இருக்கும். (மாதாமாதம் சுருக்கி ஓரமாக வைத்துவிடும், சுமார் 12 மாதம்தான் தாங்கும்.) அந்தப் பெயர்களை எடுத்து, அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து நீக்கும் பர்ஜ் கட்டளையை முதலில், எதையும் நிஜமாக நீக்காமல், சிமுலேட் செய்து பார்த்தேன். போகப்போகிற பட்டியலில் எக்ஸ்எஃப்சிஇயின் ஃபைல் மேனேஜரான துனார் தலைகாட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கும் முன்னால் லைட்டிஎம்மை ரீகான்ஃபிகர் செய்து லாகின் திரையை மீட்டுக்கொண்டேன். இந்த வரிசை மாறினால் அடுத்த பூட்டில் கறுப்புத் திரையைப் பார்த்து விழிக்க நேரிடலாம்.

அப்புறம் புரோகிராம் எழுத ஒரு கோடு எடிட்டர் போட்டேன். பிரௌசரில் டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல் மேனேஜருக்குப் பதில் எடிட்டர் வந்து நிற்கிறது! என் அமைப்பு எதையும் அது மாற்றவில்லை. ஃபோல்டரையும் திறப்பேன் என்று தன்னைப் பற்றிய விவரம் இருக்கும் டெஸ்க்டாப் கோப்பில் சொல்லியிருக்கிறது. நான் யாரையும் நியமிக்காததால் வேலை அதற்குப் போயிருக்கிறது. எதை எது திறக்க வேண்டும் என்று சொல்லிவைக்கும் எக்ஸ்டிஜி மைம் கட்டளையில் ஃபோல்டருக்குத் துனார் என்று ஒருமுறை எழுதினேன், தீர்ந்தது.

ஃபெடோரா லினக்ஸில் ஒரு நிறுவலைத் திருப்பிவிட டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ என்று ஒரே கட்டளை இருக்கிறது. கொஞ்சம் பொறாமைதான். இப்போது பெரிதாக எதை நிறுவினாலும் முதலில் டைம்ஷிஃப்ட் கருவியில் சிஸ்டத்தின் அப்போதைய நிலையை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுகிறேன். ஆனால் அதுவும் நாமாகச் சொன்னாலொழிய, நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் டைரக்டரியைச் சேர்க்காது. பர்ஜும் அங்கே கை வைக்காது. கேவின்ஆர்சி, கேடிஇகுளோபல்ஸ் என்று கேடிஇயின் அமைப்புக் கோப்புகள் ஒரு கும்பல் இன்னும் அங்கே என் கான்ஃபிக் ஃபோல்டரில் கிடக்கிறது. தொந்தரவு எதுவும் இல்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.