யானைக் காவலுக்கு ஒரு மணிக்கூடு

வெளிச்சம் போடாமல் இரவில் நேரம் பார்க்கவேண்டிய ஆட்களுக்கு மட்டும்தான் இந்த மணிக்கூடு. கல்யாண வீட்டுக்குக் கட்டிப்போக நினைக்கிறவர்கள் வேறு எதையாவது வாங்கலாம். பகலில் பார்த்தால் கறுப்புப் பிளாஸ்டிக் கூடு, பச்சை நைலோன் பட்டி, அவ்வளவுதான். இருட்டில் முகப்பு தானாக ஒளிரும், உள்ளே டிரிட்டியம் என்ற வாயு அடைத்த சிறு குழாய்கள் இருக்கின்றன. விலை 300 சுவிஸ் பிராங்குக்குக் கிட்ட. நம்முடைய இலங்கைக் காசில் லட்சத்தைத் தாண்டும். பேர்ண் நகரில் இருக்கும் அக்கா குடும்பம் அனுப்பியதால் என் கைக்கு வந்தது. நானாக வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் இப்போது யார் கேட்டாலும் கழற்றிக் கொடுக்கவும் மாட்டேன்.

எங்கள் வயல் மட்டக்களப்பில் வெல்லாவெளிக்கு அங்கால, நவகிரிக் குளத்துத் தண்ணீர் பாயும் கண்டத்தில் இருக்கிறது. பெரும்போகத்தில் கதிர் முற்றும் தை, மாசியில் வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் எத்தனையோ வாடிகளில், அதாவது வயல் காவல் குடில்களில், இரவு நித்திரை கிடையாது. மூன்று நான்கு பேர் முறைவைத்து விழித்திருப்போம். கையில் இருப்பது டோர்ச், கொஞ்சம் யானை வெடி, தகரம். அடுத்த வாடியில் வெடிச் சத்தம் கேட்டால் அது எத்தனை மணிக்கு என்று மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே இருந்து கலைந்த யானை எங்கள் வரம்புக்கு எப்போது வரும் என்பதை அதை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். சிறுபோகம் என்றால் யானையோடு தண்ணீர் முறையும் சேர்ந்துகொள்ளும். வாய்க்கால் பலகையை நேரம் தப்பித் திறந்தால் பக்கத்து வயல்காரரோடு சண்டைதான்.

நேரம் பார்க்கப் போன் இருக்கிறதே என்பார்கள். இருட்டில் ஒருமுறை போனைத் திறந்து பாருங்கள். முகம் முழுக்க வெளிச்சம், மறுகா வயலைப் பார்த்தால் கறுப்புத்தான். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் ஆனை ஒன்று அரைக் காணியைத் தின்றுவிட்டுப் போய்விடும். பொத்தானை அமத்தினால் வெளிச்சம் வரும் டிஜிட்டல் மணிக்கூட்டிலும் இதே வில்லங்கம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. அதோடு அதற்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் டோர்ச், மறுகையில் வெடி என்றால் எதை வைத்துவிட்டு எதை அமத்துவது?

கடைகளில் ‘ரேடியம்’ என்று சொல்லி விற்கிற மணிக்கூடுகள் எல்லாம் பூச்சு வகை. ரேடியத்தை முகப்பில் பூசுகிற வேலை 1960-களோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. இப்போது பூசுவது வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கக்குகிற ஸ்ட்ரோன்சியம் அலுமினேட். வெயிலில் நின்றுவிட்டு வாடிக்குள் வந்தால் பச்சைப் பசேல் என்று எரியும். டிரிட்டியத்தைவிட அப்போது அதுதான் பிரகாசம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பெரும்பகுதி இறங்கிவிடும். நுளம்புக்காக நீளக்கைச் சட்டை போட்டவனின் மணிக்கூடு பின்னேரம் வெயிலையே காணாது. பிறகு எதைக் கக்கும்?

டிரிட்டியம் வகை அப்படி அல்ல. கிட்டப் பிடித்துப் பார்த்தேன், இப்போதும் இடைக்கிடை பார்ப்பேன். ஒவ்வொரு மணி அடையாளத்திலும், முட்களிலும் ஈர்க்குத் துண்டுபோல ஒரு கண்ணாடிக் குழாய் படுத்திருக்கிறது. உட்சுவரில் ஒளிரும் பூச்சு, நடுவில் டிரிட்டியம் வாயு. டிரிட்டியம் என்பது ஐதரசனின் கதிர்வீசும் வகை. அது சிதையும்போது வெளிவரும் எலெக்ட்ரோன் பூச்சில் பட்டுப் பூச்சு ஒளிர்கிறது. வெயிலும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். (முள் ஓடுவதற்குப் பற்றரி வேண்டும், அது வேறு கதை.) அந்தக் கதிர் மிகப் பலவீனமானது, கண்ணாடியைக்கூடத் தாண்டாது. அம்மா பயந்துபோய் அடுப்படிக்குக் கொண்டுவராதே என்றார். குழாய் உடைந்தால்தான் வாயு வெளியே வரும், அப்போது காற்றோட்டமான இடத்துக்குப் போய்விடவேண்டும் என்று சொல்லி ஒருவாறு சமாளித்தேன்.

டிரேசர் (Traser), லூமினொக்ஸ் (Luminox), போல் (Ball) என்று பெயர்பெற்ற மணிக்கூடுகளுக்கு இந்தக் குழாயைச் செய்து கொடுப்பது ஒரே நிறுவனம், எம்பி-மைக்ரோடெக். பேர்ண் நகருக்குப் பக்கத்தில் நீடர்வாங்கன் என்ற இடத்தில் இருக்கிறது. டிரேசர் அவர்களுடைய சொந்த மணிக்கூடு. என்னுடையது அவ்வளவு பெயர் எடுக்காத வேறொன்று, குழாய் அதே வகைதான்.

இதைத் தெரிவுசெய்தது அக்காவின் மகன். சுவிஸ் படையில் கட்டாயச் சேவை முடித்த பொடியன், அனுமதிப்பத்திரம் எடுத்து ஒரு கைத்துப்பாக்கியும் வைத்திருக்கிறான். கிழமைக்கிழமை சுடும் கழகத்துக்குப் போவான். துவக்கு என்ற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் விரும்புவதில்லை, அதற்கான காரணத்தைப் போரைக் கண்ட மட்டக்களப்பு ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அவன் தன் துப்பாக்கிக்கு இரவில் தானாக ஒளிரும் குறிகாட்டி தேடிய கதையைப் போனில் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டேன். அதிலும் இதே டிரிட்டியக் குழாய்தான். முன்னால் ஒரு புள்ளி, பின்னால் இரண்டு. மூன்றும் ஒரு கோட்டில் நின்றால் குறி சரி.

“மாமா, மூண்டும் ஒரே பச்சையா இருந்தா அவசரத்தில எது முன், எது பின் எண்டு விளங்காது. பின்னால ரெண்டும் மங்கலா, இல்லாட்டி வேற நிறமா இருக்கவேணும்” என்றான். முன்புள்ளிதான் கண்ணைப் பிடிக்கவேண்டுமாம். பகலில் குழாய் வெளிச்சம் தெரியாதபடியால் முன்புள்ளியைச் சுற்றி வெள்ளையோ செம்மஞ்சளோ வளையம் பூசியதைத்தான் எடுத்தான். நிறம் தேடும்போது பச்சைக்குத்தான் முதலிடம். இருட்டில் நம் கண்ணுக்குப் பச்சைப் பக்கம்தான் கூடிய உணர்ச்சி, நீலமும் செம்மஞ்சளும் அதே அளவு வாயு இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும், சிவப்பு இன்னும் மோசம். இன்னொன்றும் சொன்னான், அது எனக்குப் பிடித்தது: குறிகாட்டி ஒளிர்ந்தால் துப்பாக்கி எங்கே பார்க்கிறது என்று மட்டும்தான் தெரியும், முன்னால் நிற்பது யார் என்று அது சொல்லாது, அதற்கு டோர்ச் வேண்டும்.

அவன் சொன்ன அதே நியாயத்தை என் மணிக்கூட்டில் பார்த்தேன். பன்னிரண்டாம் அடையாளம் மட்டும் செம்மஞ்சள், மற்றதெல்லாம் பச்சை. எல்லாம் ஒரே நிறமாக இருந்தால், பாயில் சரிந்து கிடந்து கையைத் தலைகீழாகத் தூக்கிப் பார்க்கிறவனுக்குப் பன்னிரண்டரை எது, ஆறு எது என்று குழம்பும். கடைப்படத்தில் எல்லாம் நீலமாக ஒன்று அழகாக இருந்ததாம். அதை விட்டுவிட்டு இதை எடுத்ததற்கு மருமகனுக்கு ஒரு கும்பிடு.

வாடியில் இதன் வெளிச்சம் எப்படி? முதலில் பார்க்கிறவருக்கு ஏமாற்றம்தான். மண்ணெண்ணெய் விளக்குப் பக்கத்தில் இருந்தால் ஒளிர்வதே தெரியாது. விளக்கை அணைத்து வெளியே வந்து கண் பழகியபின் பார்த்தால், கையைத் திருப்பியதும் முள் இரண்டும் அடையாளங்களும் தெளிவாக நிற்கும். பின்னிரவு மூன்று மணிக்கும் அதே அளவு, விடியப்புறமும் அதே அளவு. கண்ணையும் கெடுக்காது. எட்ட நின்று பார்க்கும் ஆளுக்கு ஒரு சிறு பச்சைப் பொட்டு, அவ்வளவுதான்.

குறைகள் இருக்கின்றன. திகதிச் சாளரம் இரவில் கறுப்பு, அதில் ஒளிர்வது எதுவும் இல்லை. நைலோன் பட்டி சேற்றுத் தண்ணீரில் ஊறினால் ஒரு கிழமைக்கு நாறும். நான் கல்முனையில் றப்பர் பட்டி வாங்கி மாற்றிவிட்டேன். பற்றரி மாற்றப்போன கடையில் பின்மூடியின் றப்பர் வளையத்தைச் சரியாகப் படியவைக்காமல் மூடித் தந்தார்கள். அடுத்த மழைக்குக் கண்ணாடிக்குள் புகை படிந்தது. மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், வெட்கப்படத் தேவையில்லை.

பெரிய குறை காலம். டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டு. அதாவது பன்னிரண்டு ஆண்டில் வெளிச்சம் பாதியாகிவிடும், இருபத்தைந்து ஆண்டில் கால்வாசி. துப்பாக்கிக் குறிகாட்டிக்கும் இதே விதி. அதனால் தயாரித்த ஆண்டு பார்த்து வாங்குங்கள், பெட்டி புதிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். வெளிநாட்டில் இருந்து யாரோ கழற்றிப் போட்ட பழையது மலிவாக வந்தால், பகலில் பேரம் பேசாதீர்கள். ஒரு இருட்டு அறைக்குள் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். முகப்பில் டி25 (T25) என்று அடித்திருந்தால் அதில் உள்ள டிரிட்டியம் 25 மில்லிகியூரிக்குள் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அடங்கும் வகை, என்னுடையதும் அதுதான். டி100 இன்னும் பிரகாசம், வயல் காவலுக்கு அது தேவையில்லை.

வெளிநாட்டில் ஆள் இல்லாதவர்கள் லட்சம் கொடுத்து இதைத் தேடி அலையவேண்டாம். நல்ல பூச்சு உள்ள சாதாரண மணிக்கூடு ஒன்றை எடுங்கள். முட்கள் தடிப்பாக இருக்கவேண்டும், பூச்சும் தடிப்பாக இருக்கவேண்டும். உங்கள் முறை தொடங்குவதற்கு முன்னால், போர்வைக்குள் கையை விட்டு எல்ஈடி டோர்ச்சை முகப்பில் ஒட்டி ஒரு நிமிடம் பிடியுங்கள். வெளிச்சம் வெளியே தெரியாது, உங்கள் கண்ணும் கெடாது, அடுத்த ஆளை எழுப்பும் நேரம்வரை தாராளமாகக் காணும்.