வீட்டு சிஸ்டத்துக்கு ஆன்டிவைரஸ், கிளீனர் எல்லாம் தேவையா? பதினான்கு வருட டிடிபி வேலையில் நான் பார்த்தது

மதுரை திருநகரில் வீட்டிலேயே டிடிபி, அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் அடித்து வடிவமைக்கிற வேலை, செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், காமராசர் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளின் ஆய்வேடு, இதுதான் பிழைப்பு. 2011-ல் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டம் இன்னமும் ஓடுகிறது. ரேமும் டிஸ்க்கும் மாறிவிட்டன, போர்டும் பிராசசரும் அதேதான். இத்தனை வருடத்தில் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இரண்டு, இலவசமாக இறக்கியது இரண்டு, சிஸ்டத்தைச் சுத்தம் செய்து வேகமாக்குவதாகச் சொல்கிற கிளீனர், பூஸ்டர் மென்பொருள்கள் மூன்றோ நான்கோ இதில் ஏறி இறங்கியிருக்கின்றன. போன மாதம் நாத்தனார் மகள் காலேஜுக்காகப் புது லேப்டாப் வாங்கிவிட்டு, "அத்தை, இதுக்கு எந்த ஆன்டிவைரஸ் போடணும், கிளீனர் எது நல்லது?" என்று போனில் கேட்டாள். அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன், இதே கேள்வி வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் உதவும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்டிவைரஸ் கட்டாயம் ஒன்று வேண்டும், ஒன்றே ஒன்று. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே எனக்கு ஆறு வருடமாகப் போதுமானதாக இருக்கிறது. கிளீனர், பூஸ்டர், ட்யூனப் என்று எதுவும் வேண்டாம். சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்றால் அந்தக் காசை எஸ்எஸ்டியில், அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற வேகமான டிஸ்க்கில், போடுங்கள்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏன் இத்தனை வருடம் ஆனது என்றால், தொடக்கத்திலிருந்தே தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். வாங்கும்போது 2 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. கடையிலேயே ஒரு இலவச ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் பென் டிரைவில் வைரஸ் வந்துவிட்டதே என்ற பயத்தில் காசு கொடுத்து இன்னொன்று வாங்கினேன். பழையதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டு காவல்காரர் இருந்தால் இன்னும் பத்திரம்தானே என்று நினைத்தேன்.

அது 2012. தமிழ்நாட்டில் அப்போது இருந்த மின்வெட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும், மதுரை மாதிரி ஊர்களில் சில மாதம் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும், அதற்குள் எல்லாவற்றையும் சேமித்து அணைத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு முறை சிஸ்டத்தைப் போட்டுப் போட்டு அணைப்பேன். ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போட்டதிலிருந்து பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளைத் திறந்து மேட்டர் அடிக்க உட்காரும் வரை ஏழு நிமிடம். கரண்ட் இருக்கிற ஒரு மணி நேரத்தில் ஏழு நிமிடம் இப்படியே போனால் பத்திரிகை எப்படி முடியும்? அப்போதுதான் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒரு டைரியில் எழுத ஆரம்பித்தேன். இரண்டு ஆன்டிவைரஸில் ஒன்றை எடுத்தவுடன் ஏழு நிமிடம் நாலே கால் ஆனது. இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தேன், மூன்றரை. அதாவது ஒன்று இருப்பதற்கும் ஒன்றுமே இல்லாததற்கும் முக்கால் நிமிடம்தான். இரண்டாவதுதான் ஆளைக் கொன்றது.

காரணம் பின்னால் புரிந்தது. ஆன்டிவைரஸ் என்பது நாம் ஸ்கேன் பட்டனை அழுத்தும்போது மட்டும் வேலை செய்கிற பொருள் அல்ல. எந்தக் கோப்பைத் திறந்தாலும் அது நம் கைக்கு வரும் முன்பு தான் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பும். சிஸ்டம் போடும்போது நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒரே நேரத்தில் திறக்கும், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இரண்டு இருந்தால் இது படிப்பதை அது சோதிக்கும், அது படிப்பதை இது சோதிக்கும். இதெல்லாம் நடப்பது ஹார்ட் டிஸ்க்கில். அதில் ஒரு கை தட்டின் மேல் அங்கும் இங்கும் ஓடித்தான் படிக்க வேண்டும், சிதறிக் கிடக்கிற கோப்புகள் என்றால் நொடிக்கு நூறு சொச்சம் இடத்துக்குத்தான் அதனால் போய்வர முடியும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்பது இதனால்தான்.

சரி, கிளீனர் கதைக்கு வருகிறேன், எனக்குக் கோபம் அதிகமாக இருப்பது இதில்தான். மின்வெட்டு நாட்களில் வேகம் கூடும் என்று ஒன்றை இறக்கினேன். திறந்தவுடன் சிவப்பு எழுத்தில் 1,847 பிரச்சினைகள் என்று காட்டியது. வயிற்றைக் கலக்கியது. பட்டியலை விரித்துப் பார்த்தால் அதில் முக்கால்வாசி பிரவுசரின் குக்கீகள் (இணையதளங்கள் நம்மை நினைவில் வைக்க விட்டுச்செல்கிற சின்னக் கோப்புகள்), மிச்சம் நான் திறந்த கோப்புகளின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு குக்கீயையும் ஒரு பிரச்சினை என்று எண்ணினால் எண்ணிக்கை ஏறத்தானே செய்யும். எல்லாவற்றையும் அழித்தேன். மறுநாள் இணையப் பக்கங்கள் முன்பைவிட மெதுவாக வந்தன, ஏனென்றால் பிரவுசர் சேமித்து வைத்திருந்த படங்களையும் சேர்த்து அழித்துவிட்டேன், திரும்ப எல்லாம் முதலிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று. அப்போது இருந்த இணைப்பின் வேகத்துக்கு அது பெரிய தண்டனை.

அதோடு வந்த ரேம் பூஸ்டர் இன்னும் மோசம். பட்டனை அழுத்தினால் 600 எம்பி விடுவிக்கப்பட்டது என்று பச்சையில் காட்டும், பார்க்க ஆசையாக இருக்கும். அது செய்வது, ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருள்களின் ரேமைப் பிடுங்கி டிஸ்க்குக்குத் தள்ளுவது. அடுத்த நிமிடம் பேஜ்மேக்கரைத் தொட்டால் அது டிஸ்க்கிலிருந்து திரும்ப ஏறி வர வேண்டும், அதனால் பட்டனை அழுத்தியபின் முதல் இரண்டு நிமிடம் கை வைத்தால் நகராது. காலியாகக் கிடக்கிற ரேமால் யாருக்கும் பயன் இல்லை, விண்டோஸ் அதில் அடிக்கடி வேண்டியவற்றைத் தானே ஏற்றி வைத்துக்கொள்ளும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்தான் எனக்கு நஷ்டத்தையே கொண்டு வந்தது. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்பு விவரங்களை எழுதி வைக்கிற இடம். 2014 ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு மூன்று பத்திரிகை கையில் இருந்தது, மறுநாள் காலை பத்து மணிக்கு ப்ரூஃப் அச்சகத்துக்குப் போக வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு, சிஸ்டம் இழுக்கிறதே என்று ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தேன். அடுத்து சிஸ்டத்தைப் போட்டபோது தமிழ் டைப்பிங் மென்பொருள் உரிமம் கேட்டு நின்றுவிட்டது. அதன் உரிம விவரம் ரெஜிஸ்ட்ரியில்தான் இருந்திருக்கிறது, கிளீனர் அதைத் தேவையில்லாத பதிவு என்று அழித்துவிட்டது. திருமங்கலத்தில் இருக்கிற சர்வீஸ் தம்பிக்குப் போன் போட்டேன். பாவம், அந்த நேரத்திலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். "அக்கா, இதைத் தொடவே கூடாது, அதுல ஆயிரம் வரி அழிச்சாலும் வேகம் துளி கூடாது" என்று சொல்லிக்கொண்டே சிஸ்டம் ரீஸ்டோர் போட்டு முந்தின நாளுக்குத் திருப்பினார். முடியும்போது மணி பன்னிரண்டரை. விடிய விடிய உட்கார்ந்து அடித்தேன். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிற மென்பொருள்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருப்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆன்டிவைரஸ் கொடுத்த பலனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் வேலையில் ஆபத்து இணையத்திலிருந்து வருவதைவிட பென் டிரைவிலிருந்து வருவது அதிகம். ஜெராக்ஸ் கடை, அச்சகம், காலேஜ் லேப் என்று நாலு இடம் சுற்றிவிட்டுத்தான் அது என் மேசைக்கு வரும். அந்த நாட்களில் எல்லோரையும் படுத்திய ஷார்ட்கட் வைரஸ் நினைவிருக்கிறதா? பென் டிரைவை மாட்டியதும் தானாக ஓடுகிற ஆட்டோரன் வசதியை விண்டோஸ் 7-லேயே பென் டிரைவுக்கு நிறுத்திவிட்டார்கள். அதனால் வைரஸ் வேறு வழி பிடித்தது: நம் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில், அதே படத்தோடு ஷார்ட்கட்டை வைக்கும், நாமே டபுள் கிளிக் செய்து அதை உள்ளே விடுவோம். எம்.ஃபில் ஆய்வேட்டோடு வந்த ஒரு பெண் பென் டிரைவில் எல்லாம் ஒரு கேபியாகத் தெரிவதைப் பார்த்து என் வீட்டுத் திண்ணையிலேயே அழுதுவிட்டாள். கோப்புகள் எங்கேயும் போகவில்லை, மறைந்துதான் இருந்தன. ஆன்டிவைரஸ் வைரஸை எடுத்தது, மறைந்ததை வெளியே கொண்டுவருவது அதன் வேலை அல்ல, அதற்கு கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அட்ரிப் கட்டளையைக் கொடுத்து மறைவுக் குறிகளை எடுத்துவிட வேண்டும். இருநூறு பக்கமும் முழுதாகக் கிடைத்தது. இந்த மாதிரி பென் டிரைவ்களை மாட்டிய நொடியிலேயே பிடித்துக் கொடுத்தது பத்து, இருபது முறை இருக்கும். அந்த முக்கால் நிமிடத்துக்கு அது தகும், மனதாரச் சொல்கிறேன்.

2017 எனக்கு இரண்டு பாடம் கற்றுக்கொடுத்த வருடம். மே 12-ல் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவி ஒரு சில நாளில் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கான ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைத்திருந்தது, அப்டேட் போட்டவர்களுக்கு அது நுழையவில்லை. என் சிஸ்டத்தில் அப்டேட்டை யாரோ ஒருவர் "ஸ்லோ ஆகும்" என்று நிறுத்தி வைத்திருந்தார், நானும் அப்படியே விட்டிருந்தேன். செய்தியைப் பார்த்த ராத்திரியே கேபிளைப் பிடுங்கி வைத்து, மறுநாள் தம்பியை வரச் சொல்லி எல்லாம் போட்டோம். வேகத்துக்காக அப்டேட்டை நிறுத்தச் சொல்கிற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்புறம் அதே வருடம் செப்டம்பரில் வந்த செய்தி: சிசிகிளீனர் என்ற கிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே, அதை வெளியிடும் முன்பே, யாரோ தீங்கு நிரலை நுழைத்திருந்தார்கள், அது சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளுக்குப் போயிருந்தது. நான் வைத்திருந்தது வேறு கிளீனர்தான். ஆனாலும் சுத்தம் செய்ய வருகிற மென்பொருளுக்கு நாம் சிஸ்டத்தின் எல்லாச் சாவியையும் கொடுக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அன்றே எடுத்துப் போட்டேன், இன்று வரை இன்னொன்று போடவில்லை.

இலவச ஆன்டிவைரஸ் என்றாலும் யோசிக்க வேண்டும். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் தன் மென்பொருள் வழியாகச் சேர்த்த உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது 2020-ல் வெளியே வந்தது. அதற்காக 2024-ல் அமெரிக்க அரசின் வர்த்தக அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அவாஸ்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்ததால் அந்தத் தைப்பொங்கல் லீவில் 240 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம் போட்டு, விண்டோஸ் 10 ஏற்றி, ஆன்டிவைரஸாக டிஃபெண்டரை மட்டும் வைத்தேன். அதே போர்டு, அதே பிராசசர். சுவிட்சிலிருந்து பேஜ்மேக்கர் வரை 40 வினாடி. அதற்கு முன் எத்தனை கிளீனர் போட்டும் மூன்றரை நிமிடத்துக்குக் கீழே வராதது! எஸ்எஸ்டியில் ஓடுகிற கை கிடையாது, சிதறிய கோப்புகளை நொடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும், அதனால் டிஃபெண்டர் பின்னால் சோதிப்பது கைக்குத் தெரிவதே இல்லை. முழு ஸ்கேன் ஓடும்போது மட்டும் தெரியும், அது பெரும்பாலும் நாம் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து ஓடுகிறது. டிஸ்க்கில் இடம் வேண்டும் என்றால் விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது, அதை ஆன் செய்து மாதம் ஒரு முறை என்று வைத்துவிட்டால் தற்காலிகக் கோப்புகளைத் தானே எடுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், சிஸ்டம் போட்டதும் தானாக ஓடுகிறவற்றில் வேண்டாததை நிறுத்த ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்று, சித்திரை வெயிலில் மதியம் மட்டும் சிஸ்டம் இழுத்தால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். பிராசசர் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் தெருப் புழுதிக்கு வருடம் இரண்டு முறை கேபினட்டைத் திறந்து விசிறியில் அடைத்திருக்கிற தூசியை பிரஷ்ஷால் தட்ட வேண்டியிருக்கிறது.

நாத்தனார் மகள் லேப்டாப்பை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்தாள். வாங்கும்போதே ஒரு ஆன்டிவைரஸ் 30 நாள் சோதனைப் பதிப்பாக ஏற்றி வந்திருந்தது, வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அதனால் காலம் முடிவதற்குள் அதை முறையாக அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் போட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆன் ஆகிவிட்டதா என்று பார்த்தோம். சிநேகிதி கொடுத்தாளென்று கிராக் போட்ட போட்டோஷாப் ஒன்றை பென் டிரைவில் வைத்திருந்தாள். கிராக் ஓட வேண்டும் என்றால் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும், அங்கேயே கதை முடிந்துவிடும் என்று சொல்லி அதை அழிக்க வைத்தேன், முகம் கொஞ்சம் வாடியது. கடைசியாக ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளிப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் படிப்புக் கோப்புகளை அதில் நகலெடுத்துவிட்டு கேபிளைக் கழற்றி பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், மாட்டியே இருந்தால் பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

என் சிஸ்டம் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்தது, கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்ததால் 2026 அக்டோபர் வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு இதை இணையத்திலிருந்து கழற்றிவிட்டு பேஜ்மேக்கருக்கும் பாமினி எழுத்துருவுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன், மெயிலுக்கும் வாட்ஸ்அப்பில் வருகிற மேட்டருக்கும் ஒரு சின்ன லேப்டாப்புக்குச் சீட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன்.