பாக்ஸிங்கா, கராத்தேயா: தற்காப்புக்கு எது?

பாக்ஸிங்கைத் தற்காப்புக் கலையாகவே சிலர் சேர்ப்பதில்லை. கி.மு. 688-லேயே பண்டைய ஒலிம்பிக்கில் இருந்த சண்டை அது. அடிக்கவும் விலகவும் முறையாகக் கற்றுத்தரும் எதுவும் என் கணக்கில் தற்காப்புக் கலைதான்.

செலவு: கராத்தேக்கு உடை, அப்புறம் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் தேர்வுக் கட்டணம். பாக்ஸிங்குக்கு கிளவுஸ், கையில் சுற்றும் துணி, பல் காப்பு.

பயிற்சி: பெரிய வித்தியாசம் இங்கேதான். பாக்ஸிங்கில் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, தொடங்கியதும் எதிரே நிற்பவர் நிஜமாகவே குத்த வருவார், அந்தப் பதற்றத்திலும் கண்ணை மூடாமல் தலையை நகர்த்தப் பழகுகிறோமே, தெருவில் உதவப்போவது அதுதான். பல கராத்தே வகுப்புகளில், எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்து பழகும் அசைவுகளான கட்டாவுக்கே பாதி நேரம் போய்விடும், புள்ளிச் சண்டையில் ஓர் அடி விழுந்ததும் நடுவர் நிறுத்திவிடுவார். கியோகுஷின் என்ற கராத்தே பிரிவு வேறு ரகம், முழு பலத்தோடு அடிப்பார்கள், ஆனால் போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது.

குறை: பாக்ஸிங்கில் உதை கிடையாது, பிடி கிடையாது. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் நம் கை எலும்பே உடையலாம். தலையில் வாங்கும் அடிகள் மூளையைப் பாதிக்கும், அதனால் கடுமையான ஸ்பாரிங்கை அளவோடு வைக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைக்குக் கராத்தே சரி. சீக்கிரம் தற்காத்துக்கொள்ளப் பழக வேண்டிய பெரியவர்களுக்கு பாக்ஸிங். கத்தியோடு ஒருவன் வந்தால் இரண்டையும் நம்பாமல் ஓடிவிடுங்கள்.