நோர்வேஜிய மொழியை வாசித்துக் காட்டும் செயலி: எடுக்கலாமா?

ஆண்டுச் சந்தா பாதியாகக் குறைந்திருக்கிறதே, எடுக்கலாமா என்று ஒஸ்லோவுக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர் கேட்டார். நெடுநாளாகப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். குரல் அருமை. வேகத்தைக் குறைத்தாலும் இழுவையாக ஒலிப்பதில்லை. சுரங்க ரயிலில் இணையம் இல்லாமலும் ஓடுகிறது. என் கோபமெல்லாம் கூட்டுச்சொற்களில்தான்.

நோர்வேஜிய மொழியில் கூட்டுச்சொல்லை இடைவெளியின்றி ஒட்டியே எழுதுவார்கள். 'பீல்' கார், 'டேலெர்' பாகங்கள். சேர்ந்தால் 'பீல்டேலெர்', காரின் உதிரிப்பாகங்கள். படத்துக்கு 'பில்டெ' என்று பெயர். ரோமன் எழுத்தில் (bildeler, bilde) எழுத்துக்கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் முதல் ஐந்து எழுத்துகள் ஒன்றே. செயலி கூசாமல் 'பில்டெ-லேர்' என்று வாசிக்கிறது. நெடில் குறிலாகிவிட்டால் இங்கே சொல்லே போய்விடும்: 'தாக்' என்றால் கூரை, 'தக்' என்றால் நன்றி.

அழுத்தம் இன்னும் மோசம். கூட்டுச்சொல்லில் முதன்மை அழுத்தம் முதற்சொல்லுக்கு உரியது, அடுத்ததற்குத் துணை அழுத்தம். முதற்சொல்லில் எந்த அசை தனியே அழுத்தம் பெறுமோ அதே அசைதான் இங்கும் பெறும். அது முதல் அசையாகவே இருக்க வேண்டியதில்லை. ஒஸ்லோவின் மயூர்ஸ்டூவென் நிலையத்தின் பெயரில் 'யூ'வில்தான் அழுத்தம் விழும். செயலி 'ம'வை ஓங்கி அடிக்கிறது. தினமும் இறங்குகிற நிலையத்தின் பெயரே காதில் அந்நியமாக விழுகிறது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. 'புஸ்' (buss), 'ஸ்டொப்' (stopp) சேர்ந்தால் பேருந்து நிறுத்தம் (busstopp). மூன்று எஸ் வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் எழுதுவார்கள். வரி ஓரத்தில் முறித்தால் விட்டுப்போன எஸ் திரும்பி வரவேண்டும்: முதல் வரியில் இரண்டு, அடுத்த வரியில் ஒன்று. இந்த நுணுக்கத்தைச் செயலியின் திரை பிசகாமல் செய்கிறது! முதன்முறை பார்த்தபோது மனம் நிறைந்தது. அப்படியானால் சொல்லின் மூட்டு எங்கே என்பது உள்ளே தெரிந்திருக்கிறது. அதைக் குரலுக்கு எடுத்துக் கொடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

எழுதிக் கேட்டேன். தவறாக ஒலிக்கும் சொற்களைப் பயனரே ஒவ்வொன்றாகத் திருத்திச் சேமிக்கலாம் என்று பதில் வந்தது. அகராதியில் இல்லாத கூட்டுச்சொற்களைச் செய்தித்தாள்கள் நாள்தோறும் உண்டாக்கிக்கொண்டே இருக்கும் மொழி இது. எத்தனையைத் திருத்துவது?

நீண்ட கட்டுரைகளுக்கு இதைவிட இனிய குரல் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுக்கும் பணம் கட்டிவிட்டேன். நண்பர் எடுக்க வேண்டாம். மொழியை இப்போதுதான் கற்கிறார். இந்த அழுத்தங்கள் காதில் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது பெரும்பாடு.