நூலா, துணியா, தையலா? ஆடை ஆலைகள் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கும் மூன்று விதிகள்

வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் செய்தித்தாள்களில் வருவது ஒரே வரிதான்: "இனி சுங்க வரி பூஜ்யம்." 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டபோதும் அப்படித்தான். ஆனால் அந்தப் பூஜ்யம் எல்லாச் சட்டைக்கும் தானாகக் கிடைத்துவிடாது. துணி எங்கே நெய்தது, நூல் எங்கே நூற்றது என்ற கேள்விக்குச் சரியான பதில் இருந்தால்தான் கிடைக்கும். பிறப்பிட விதி, ஏற்றுமதியாளர்கள் வாயில் 'ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்', என்று சொல்வது இதைத்தான். ஆலை எந்த நாட்டில் எழும், முதலீடு எந்தக் கட்டத்தில் இறங்கும் என்பதை வரி விகிதத்தைவிட இந்த விதிதான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

விஷயத்தின் கனத்தைப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஐரோப்பிய ஒன்றியம் ஆடைகளுக்குப் போடும் பொது வரி 12 சதவீதம். 5 டாலர் மதிப்புள்ள டி-ஷர்ட்டில் அது 60 சென்ட். இரண்டு சென்டுக்காகப் பையரோடு நாள்கணக்கில் பேரம் பேசும் தொழிலில் 60 சென்ட் என்பது ஆர்டரையே இன்னொரு நாட்டுக்கு நகர்த்திவிடும் தொகை. சலுகைத் திட்டத்தின் கீழ் இந்திய ஆடைகள் பல ஆண்டுகள் 9.6 சதவீதம் கட்டின. அதே காலத்தில் வங்கதேசச் சரக்கு ஒன்றும் கட்டாமல் உள்ளே போனது.

தைத்தால் போதும்: வங்கதேசம், கம்போடியா

மிகத் தளர்வான விதி இது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு ஐரோப்பா ஒருதலையாகக் கொடுக்கும் சலுகையில், 2011 முதல், துணி எங்கிருந்து வந்தாலும் சரி, வெட்டித் தைத்தது அந்த நாட்டில் என்றால் வரி இல்லை. அதற்கு முன் துணியும் உள்நாட்டில் உருவாகியிருக்க வேண்டும் என்ற இரண்டு கட்ட நிபந்தனை இருந்தது.

இந்த மாற்றம் தொழிலில் விட்ட தடத்தை வங்கதேசத்தில் தெளிவாகப் பார்க்கலாம். பழைய கடுமையான விதியின் காலத்திலேயே பின்னலாடைக்காரர்கள் நாராயண்கஞ்சிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்பு, நிட்டிங், சாயம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டார்கள். பின்னல் எந்திரம் போட நெசவாலை அளவுக்கு முதல் தேவைப்படாது என்பதும் உதவியது. பேன்ட், சட்டை தைப்பவர்களோ பெரும்பாலும் சீனத் துணியையே நம்பியிருந்தார்கள். 2011-க்குப் பிறகு அவர்களுக்கும் கதவு திறந்தது. வேலைவாய்ப்பு வேகமாகப் பெருகியது. நெசவாலை கட்ட வேண்டிய அவசரம் போய்விட்டது.

தையல் மட்டும் இருந்தால் போதும் என்ற விதி ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சீக்கிரம் சம்பளம் கொடுக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் இது கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய சலுகை. மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி 2020 ஆகஸ்டில் கம்போடியாவுக்கான சலுகையில் ஒரு பகுதியை ஐரோப்பா நிறுத்தியது. இலங்கைக்குக் கிடைத்திருந்த ஜி.எஸ்.பி. பிளஸ் (மனித உரிமை போன்ற நிபந்தனைகளை ஏற்கும் வளரும் நாடுகளுக்கு ஐரோப்பா தரும் வரிச் சலுகை) வேறு திட்டம்தான். ஆனாலும் அது 2010 ஆகஸ்டில் பறிபோய் 2017 மே மாதம்தான் திரும்பி வந்தது. வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற ஐ.நா. குறித்த நாள் 2026 நவம்பர் 24. அதன்பின் மூன்றாண்டு அவகாசம் உண்டு. அதற்கடுத்த படியான ஜி.எஸ்.பி. பிளஸில் மறுபடியும் இரண்டு கட்ட விதி. பின்னலாடைக்காரர்கள் சமாளித்துவிடுவார்கள். நெய்த துணியை வாங்கித் தைப்பவர்கள்தான் இனி ஆலை கட்ட ஓட வேண்டியிருக்கும்.

துணியிலிருந்து: வியட்நாம் – ஐரோப்பா

2020 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்த இந்த ஒப்பந்தத்தில் ஆடை வரி ஒரே நாளில் மறையவில்லை. ரகத்துக்கு ஏற்ப அதிகபட்சம் ஏழாண்டுகளில் படிப்படியாகக் குறைகிறது. நூல் எங்கிருந்தும் வரலாம். துணி வியட்நாமில் உருவாக வேண்டும்.

வியட்நாமியத் தையல் ஆலைகள் மிகுதியாக வாங்குவது சீனத் துணி. அது இங்கே கணக்கில் வராது. ஆனால் தென்கொரியத் துணியை உள்நாட்டுத் துணிபோலவே எண்ணிக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஐரோப்பாவுக்கும் கொரியாவுக்கும் ஏற்கெனவே ஒப்பந்தம் இருப்பதால் வந்த ஏற்பாடு. கொரிய நிறுவனங்கள் வியட்நாமில் ஆழமாகக் காலூன்றியிருக்கும் நிலையில், பேச்சுவார்த்தை மேசையில் வியட்நாம் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று. ஆலை கட்டி முடிக்கும்வரை ஏற்றுமதி நிற்காது. அதே நேரம் கட்ட வேண்டிய நெருக்குதலும் குறையாது.

இந்த விதியின் சுமை விழும் இடம் சாயம். துணி உள்நாட்டில் வேண்டும் என்றால் சாயப்பட்டறையும் உள்நாட்டில் வேண்டும். அதன் விலை என்னவென்று திருப்பூருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்ட கதையின் முடிவில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற ஏற்பாட்டுக்கு வந்த பிறகுதான் தொழில் மூச்சுவிட்டது. ஒரு வர்த்தக ஒப்பந்தத்தின் ஒற்றை வரி, எங்கோ ஓர் ஆற்றின் கரையில் எத்தனை பட்டறை வரும் என்பது வரை போகிறது. ஒப்பந்தம் பேசும் அதிகாரிகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நூலிலிருந்தே: வட அமெரிக்காவும் பசிபிக்கும்

1994-இல் தொடங்கிய நாஃப்டா, அதாவது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றின் வர்த்தக ஒப்பந்தம், நூலையே உறுப்பு நாட்டுக்குள் நூற்கச் சொன்னது. அமெரிக்காவில் பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதமும் செயற்கை இழை ஆடைகள் சிலவற்றுக்கு 32 சதவீதம் வரையும் வரி இருந்ததால், இந்தக் கடுமையைச் சகித்துக்கொள்வதில் லாபம் இருந்தது. அமெரிக்க நூலும் துணியும் மெக்சிகோ போயின, ஜீன்ஸ் திரும்பி வந்தது. வட மெக்சிகோவின் டொரியோன் நகரம் ஜீன்ஸ் நகரமாக வளர்ந்தது. டெக்சாஸின் எல் பாஸோவில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் வேலை இழந்தார்கள். பிறகு 2001-இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்து, 2005 தொடக்கத்தில் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக அளவு வரம்பு வைத்த கோட்டா முறையும் முடிவுக்கு வந்தபோது டொரியோனின் சாதகம் கரைந்தது.

2020 ஜூலையில் நாஃப்டாவின் இடத்துக்கு வந்த யு.எஸ்.எம்.சி.ஏ. இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. ஜீன்ஸின் பாக்கெட்டுக்கு உள்ளே தைக்கும் வெள்ளைப் பைத்துணி இருக்கிறதே, அதுகூட வட அமெரிக்க நூலில் அங்கேயே உருவாகியிருக்க வேண்டும். தையல் நூலுக்கும் நிபந்தனை உண்டு. ஒரு ஜீன்ஸின் விலையில் பாக்கெட் துணி எவ்வளவு? சில சென்ட்கள். அதைத் தப்பாக வாங்கினால் முழு ஜீன்ஸும் சலுகையை இழக்கும். மெர்ச்சண்டைசர் பொறுப்பாக இருந்த கொள்முதல், சட்ட ஆலோசகர் பார்க்கும் வேலையாகிவிடுகிறது. வரியையே கட்டிவிட்டுப் போகலாம் என்று பல நிறுவனங்கள் நினைப்பதில் ஆச்சரியமில்லை.

ஜப்பான், வியட்நாம் உள்ளிட்ட பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான சி.பி.டி.பி.பி.யிலும் நூல் விதிதான். கிடைக்காத சரக்குகளுக்கு மட்டும் விலக்குப் பட்டியல். அதன் முன்வடிவத்தில் அமெரிக்காவும் இருந்தபோது, அந்தச் சந்தையை எதிர்பார்த்து வியட்நாமில் ஸ்பின்னிங் மில்களுக்குப் பணம் கொட்டியது. 2017 ஜனவரியில் டிரம்ப் விலகினார். பெரும் சந்தை போய்விட்டது, மில்கள் அங்கேயே நின்றன. ஆனால் சீனாவின் டெக்ஸ்ஹாங் போன்ற நிறுவனங்கள் ஒப்பந்தத்தை மட்டும் நம்பிப் போகவில்லை. சீனாவில் பருத்தி விலை ஏறியிருந்ததால், வியட்நாமில் நூற்று அந்த நூலைச் சீனாவுக்கே அனுப்பும் கணக்கும் அவர்களிடம் இருந்தது. அமலுக்கு வராத ஒப்பந்தத்தை நம்பி முதலீடு செய்பவர், அது வராமல் போனாலும் ஓடக்கூடிய ஆலையைத்தான் கட்ட வேண்டும்.

இந்தியா 2019 நவம்பரில் பாங்காக்கில் விலகிய ஆர்.செப் (சீனா, ஜப்பான், தென்கிழக்காசிய நாடுகள் உள்ளிட்டோரின் வர்த்தக ஒப்பந்தம்) பற்றி ஒரு வார்த்தை. 15 நாடுகளும் ஒருவர் துணியை ஒருவர் தம் துணியாக எண்ணிக்கொள்ளலாம். சீனத் துணிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

திருப்பூருக்கு எது நல்லது?

பருத்தி, ஸ்பின்னிங், நிட்டிங், சாயம், தையல் எல்லாம் உள்நாட்டிலேயே இருக்கும் நாடுகள் குறைவு. இந்தியா அவற்றில் ஒன்று. பருத்திப் பின்னலாடையில் நூல் விதி வந்தாலும் திருப்பூர் அசராது. கோவை, திண்டுக்கல் மில்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. சொல்லப்போனால் கடுமையான விதி நமக்கு வேலி, தளர்ந்த விதி போட்டியாளருக்கு வாசல். ஆனால் செயற்கை இழையில் கதை தலைகீழ். விளையாட்டு உடைக்கான பாலியஸ்டர் துணிக்குச் சீனாவையும் தைவானையும் பார்ப்பவர்களுக்குக் கடுமையான விதி தடையாகும். ஆகவே எல்லா ரகத்துக்கும் ஒரே விதி கேட்பது தவறு. பருத்திக்குத் துணி விதியை நாமே வலியுறுத்தலாம். செயற்கை இழைக்குக் கொரியா ஏற்பாடு போல ஒரு இடைக்கால வழியைக் கேட்டுப் பெற வேண்டும்.

சின்ன யூனிட் வைத்திருப்பவர்கள் பிரிட்டன் ஆர்டருக்கு விலை சொல்வதற்கு முன், தங்கள் சரக்கின் எச்.எஸ். எண்ணுக்கு (சுங்கத்துறை சரக்கை வகைப்படுத்தும் குறியீட்டுக்கு) எதிரே ஒப்பந்தத்தில் என்ன விதி எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். நூல் பில், நிட்டிங் ஜாப் ஒர்க் சலான், சாயப்பட்டறை பில் மூன்றையும் ஆர்டர் வாரியாகக் கோப்பில் வையுங்கள். சரக்கு போய்ப் பல மாதம் கழித்தும் சுங்கத்துறை ஆதாரம் கேட்கலாம். அப்போது காட்ட ஒன்றும் இல்லையென்றால், பையர் மிச்சப்படுத்திய வரி உங்கள் தலையில் டெபிட் நோட்டாக வந்து விழும்.