பழுதாகும் மடிக்கணினி வன்தட்டு: கோப்புகளை மீட்க எந்த வழி, எந்த நிலையில்?

மடிக்கணினியின் வேகம் திடீரென்று குறைகிறது. ஒரு கோப்புறையைத் திறக்க நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நகலெடுக்கும்போது பாதியில் பிழைச்செய்தி வருகிறது. ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு பழுதாகத் தொடங்கியிருப்பதன் அறிகுறிகள் இவை. இந்த நிலையில் ஒருவருக்குப் பல யோசனைகள் கிடைக்கின்றன: வேண்டிய கோப்புகளை மட்டும் உடனே நகலெடுப்பது, விண்டோஸிலேயே உள்ள சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓடவிட்டுச் சரிசெய்வது, மீட்பு மென்பொருளை நிறுவித் தேடுவது, வன்தட்டு முழுவதையும் ஓர் இமேஜாக, அதாவது உள்ளது உள்ளபடி ஒரே பெரிய கோப்பாகப் பிரதியெடுப்பது, தரவு மீட்பு ஆய்வகத்திடம் ஒப்படைப்பது. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையாக முயன்று பார்ப்பவர்களே அதிகம். ஆனால் பழுதாகிவரும் வன்தட்டு இன்னும் எவ்வளவு நேரம் படிக்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. ஒரு வழியில் வீணாகும் நேரம் மற்ற வழிகளுக்குரிய நேரத்திலிருந்தே கழிகிறது. ஆகவே, எஞ்சியிருக்கும் வாசிப்பை எதற்கு முதலில் செலவிடுகிறது என்ற ஒரே அளவுகோலைக் கொண்டே இந்த வழிகளை நான் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் பழுதின் வகையை அறிவது

வழியைத் தேர்வதற்கு முன் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். மடிக்கணினிகளில் இருக்கும் 2.5 அங்குல வன்தட்டில், பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தகடுகளுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில் வாசிப்பு முனைகள் மிதந்து செல்கின்றன. சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்ற ஒலியோ உராய்வு ஒலியோ கேட்டால், முனை தன் இடத்தைக் கண்டறிய முடியாமல் தடுமாறுகிறது அல்லது தகட்டைத் தொட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும். அத்தகைய வன்தட்டு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டின் காந்தப் பூச்சு சுரண்டப்படக்கூடும். அந்தக் கணமே மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் சரி. கீழே பேசப்படும் மென்பொருள் வழிகள் எதுவும் அதற்குப் பொருந்தாது. கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையில் வன்தட்டு தெரியவே இல்லை, அல்லது அதன் கொள்ளளவு தவறாகத் தெரிகிறது என்றாலும் இதே முடிவுதான். அங்கே பழுது மின்சுற்றுப் பலகையிலோ, வன்தட்டை இயக்கும் அதன் உள்நிரலிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒலி எதுவும் இல்லாமல் மந்தமாக மட்டும் இருந்தால், ஸ்மார்ட் எனப்படும் சுயகண்காணிப்பு அளவீடுகளைப் பார்க்கலாம். வன்தட்டு தரவைச் சேமிக்கும் மிகச் சிறு பகுதிகளே செக்டர்கள். 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களையும், 197ஆம் எண் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களையும், 198ஆம் எண் திருத்த இயலாதவற்றையும் குறிக்கின்றன. 199ஆம் எண் மட்டும் உயர்ந்திருந்தால் வன்தட்டைக் குறை சொல்வதற்கு முன் இணைப்புக் கேபிளைச் சோதிப்பது நல்லது. ஆனால் இந்த எண்கள் பூஜ்யமாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடையக் கூடாது. கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் மையங்களில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதானவற்றில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அளவீடுகளில் ஒன்றில்கூட எச்சரிக்கை காட்டவில்லை. மறுபுறம், மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட வன்தட்டு, அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு பிழையற்றதைவிட 39 மடங்கு அதிகம் என்றும் அந்த ஆய்வு காட்டியது. எச்சரிக்கை வந்தால் நம்ப வேண்டும். வராததை நம்பி இருந்துவிடக் கூடாது.

சரிசெய்தல் என்ற வழி

செக்டிஸ்க்கைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. எந்தக் கோப்பு வன்தட்டில் எங்கே இருக்கிறது என்பதைக் குறித்துவைக்கும் கோப்பு முறைமையின் கணக்குகளை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்வது அதன் பணி. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அன்று. படிக்க முடியாத பதிவுகளை அது நீக்கக்கூடும்; உரிமையாளர் அறியப்படாத துண்டுகளைப் பெயர் மாற்றித் தனிக் கோப்புறையில் போடக்கூடும்; இவை அனைத்தையும் அந்தப் பழுதான வன்தட்டின் மீதே எழுதும். முழு மேற்பரப்பையும் சோதிக்கும் தேர்வோடு ஓடவிட்டால், பலவீனமான வன்தட்டை மணிக்கணக்கில் வாட்டிவிட்டு, மீட்பதற்கான பிரதி ஒன்றுகூடத் தராமல் முடிந்துவிடும். நலமான வன்தட்டில் மின்தடையால் ஏற்பட்ட குழப்பத்தைத் தீர்க்க அது நல்ல கருவிதான். வேறு பிரதி இல்லாத கோப்புகள் இருக்கும் பழுதான வன்தட்டில் அதைத் தொடவே கூடாது.

கோப்புகளை நகலெடுப்பதா, முழு இமேஜ் எடுப்பதா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். முதலில் கணக்கைப் பார்ப்போம். 1 டெராபைட் வன்தட்டை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் தொடக்கம் முதல் இறுதிவரை படித்தால் 10,000 நொடிகள், அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதே வன்தட்டில் 10,000 செக்டர்கள் கெட்டிருந்து, ஒவ்வொன்றிலும் வன்தட்டு 10 நொடிகள் போராடுவதாக வைத்துக்கொண்டால், அந்தப் போராட்டத்துக்கு மட்டும் 1,00,000 நொடிகள், ஏறத்தாழ 28 மணி நேரம் தேவைப்படும். ஒரு செக்டர் 4,096 பைட் என்றால், அத்தனை நேரமும் செலவிடப்படுவது வெறும் 41 மெகாபைட்டுக்காக. கெட்ட பகுதியில் முதலில் மாட்டிக்கொள்ளும் எந்த வழியும், நல்ல பகுதியைத் தொடுவதற்கு முன்பே வன்தட்டைத் தீர்த்துவிடலாம்.

விண்டோஸின் கோப்பு நகலெடுப்பு இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. கெட்ட செக்டரைச் சந்தித்ததும் அது திரும்பத் திரும்ப முயன்று, பிறகு நின்று, மறுபடி முயலவா தவிர்க்கவா என்று கேட்கிறது. இரவில் ஓடவிட்டுத் தூங்கச் சென்றவருக்குக் காலையில் அந்தக் கேள்வி மட்டுமே திரையில் காத்திருக்கும். இதற்கிடையில், அதே வன்தட்டிலிருந்து இயங்கும் விண்டோஸ் பின்னணியில் தன் பதிவேடுகளை எழுதுகிறது, புதுப்பிப்புகளை இறக்குகிறது, கோப்புறையைத் திறந்தவுடன் ஒவ்வொரு படத்துக்கும் சிறுபடம் உருவாக்குகிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் தானும் ஒருமுறை படிக்கிறது. நமக்குத் தேவையில்லாத இந்த வாசிப்புகள் எல்லாம் அந்த எல்லைக்குட்பட்ட கணக்கிலிருந்தே கழிகின்றன.

இமேஜ் எடுப்பதற்கென்றே உருவான குனூ டிடிரெஸ்க்யூ நேர்மாறான முறையில் வேலை செய்கிறது. அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய இந்தக் கட்டற்ற மென்பொருள், எளிதில் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வாரிக்கொள்கிறது. பிழை வந்த இடத்தைக் குறித்துவைத்துவிட்டு, அங்கே நின்று போராடாமல் தாவிச் செல்கிறது. நல்ல பகுதிகள் முடிந்த பிறகே கெட்ட பகுதிகளின் ஓரங்களைச் செதுக்கி, அதன் பின்னர் எஞ்சியதைச் செக்டர் செக்டராகச் சுரண்டிப் படித்து, இறுதியில் நாம் கேட்டுக்கொண்டால் மட்டும் மறுமுயற்சி செய்கிறது. எது படிக்கப்பட்டது, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், கணினி நின்றுபோனாலும், சூடேறிய வன்தட்டை ஆறவிட்டு மறுநாள் தொடங்கினாலும், விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். அந்த வரைபடக் கோப்பைச் சேர்க்க மறந்துவிட்டால் இந்தப் பயன்களில் பாதி போய்விடும். முதல் ஓட்டத்தில் சுரண்டும் கட்டத்தை விட்டுவிடும்படி கட்டளையிடுவதையும் நான் அழுத்தமாகப் பரிந்துரைப்பேன்.

அப்படியானால் இமேஜ்தான் எப்போதும் சிறந்ததா? இல்லை, அதன் குறை, வெற்றிடத்தையும் அது படிக்கிறது என்பது. 1 டெராபைட் வன்தட்டில் 60 கிகாபைட் மட்டுமே நிரம்பியிருந்தாலும், சாதாரண இமேஜ் முழு டெராபைட்டையும் கடந்தே தீரும். அதனால், தேவைப்படுவது எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரிந்த சில நூறு மெகாபைட் ஆவணங்கள் மட்டுமே என்றால், வன்தட்டு இன்னும் வழக்கமான வேகத்தில் படிக்கும் நிலையில் இருந்தால், முதலில் அவற்றை மட்டும் நகலெடுத்துவிட்டு அதன் பிறகு இமேஜுக்குச் செல்வதே புத்திசாலித்தனம். அதையும் பழுதான வன்தட்டிலிருந்து விண்டோஸைத் துவக்கிச் செய்யாமல், பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, வன்தட்டை எழுத அனுமதியில்லாத முறையில் இணைத்துச் செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது: பார்ட்குளோன் என்ற கருவி, கோப்பு முறைமையின் கணக்கைப் படித்து, பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் பிரதியெடுக்கும், பிழைகளைத் தாண்டிச் செல்லும் தேர்வும் அதில் உண்டு. ஆனால் கெட்ட பகுதி அந்தக் கணக்கு இருக்கும் இடத்திலேயே அமைந்துவிட்டால் அதனால் பயனில்லை. முழு இமேஜ் அந்த நிலையிலும் தன் வேலையைத் தொடரும். தேடுவது எங்கே இருக்கிறதென்று தெரியாதவருக்கும், பல ஆண்டுப் புகைப்படங்களைக் காக்க வேண்டியவருக்கும், வேகம் ஏற்கெனவே சரிந்துவிட்டவருக்கும் இமேஜ் என்பதே என் முடிவு.

வன்தட்டைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டுவதா, மடிக்கணினியிலேயே விட்டுவைப்பதா என்பது அடுத்த தேர்வு. கெட்ட செக்டரில் வன்தட்டு தாமதிக்கும்போது, பல அடாப்டர்கள் காத்திருக்கப் பொறுமையின்றி இணைப்பையே துண்டித்துக்கொள்கின்றன. மறுபடி பிடுங்கிச் செருகினால்தான் உயிர்பெறும். மடிக்கணினியின் உள்ளே இருக்கும் நேரடி சாட்டா இணைப்பு இந்த வகையில் நம்பத்தக்கது. ஆகவே வன்தட்டைக் கழற்றாமல், பென் டிரைவில் லினக்ஸ், யூஎஸ்பி துளையில் பிரதியை வாங்கிக்கொள்ளும் புதிய வெளி வன்தட்டு என்ற ஏற்பாடே எளிமையானது. கொள்ளும் வன்தட்டு பழையதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். கட்டளையில் மூலத்தையும் இலக்கையும் மாற்றி எழுதிவிட்டால் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது என்பதால், எண்டர் தட்டுவதற்கு முன் இரண்டு வன்தட்டுகளின் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

மீட்பு மென்பொருள்கள்

டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக், டிஎம்டிஇ, ஆர்-ஸ்டூடியோ போன்றவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும் பட்டியல்கள் ஏராளம். என் பார்வையில், எந்த மென்பொருள் என்பதைவிட எதன் மீது அதை ஓடவிடுகிறோம் என்பதே முக்கியம். பழுதான வன்தட்டை நேரடியாக அலசவிட்டால் மணிக்கணக்கான வாசிப்பு தேடலுக்கே போய்விடும். தேடல் முடிந்து ‘மீட்டெடு’ என்று சொல்லும்போது அதே இடங்களை மறுபடி படிக்க வேண்டும். இமேஜ் கையில் இருந்தால், நான்கு மென்பொருள்களையும் அதன் மீது அச்சமின்றி முயன்று பார்க்கலாம்.

கிறிஸ்தோஃப் கிரெனியே உருவாக்கிய இரண்டு கட்டற்ற கருவிகளில், டெஸ்ட்டிஸ்க் தொலைந்த பகிர்வுகளை (பார்ட்டிஷன் எனப்படும் வன்தட்டுப் பிரிவுகளை) கண்டறிகிறது. ஃபோட்டோரெக், கோப்பு முறைமையை முற்றாகப் புறக்கணித்து, கோப்புகளின் தொடக்க அடையாளங்களைக் கொண்டு அவற்றைப் பொறுக்கி எடுக்கிறது. பின்னது தரும் கோப்புகளுக்குப் பழைய பெயரும் கோப்புறையும் இருக்காது. சிதறிக் கிடந்த கோப்புகள் உடைந்து வரும். எனவே கோப்பு முறைமை ஓரளவு பிழைத்திருந்தால் டிஎம்டிஇ, ஆர்-ஸ்டூடியோ போன்றவையே பெயர்களோடும் அடுக்கோடும் மீட்டுத் தருகின்றன. ஃபோட்டோரெக்கை அவை கைவிட்ட பின் எடுத்தால் போதும்.

மென்பொருள் எட்டாத இடத்தில்

ஒலி எழுப்பும் வன்தட்டை வீட்டில் திறந்து பார்ப்பது, உறைபெட்டியில் வைப்பது, அதே மாதிரியின் மின்பலகையை மாற்றிப் பொருத்துவது ஆகிய யோசனைகள் இன்னும் சுற்றிவருகின்றன. உறைபெட்டி தகடுகளின் மீது ஈரத்தைப் படியவைக்கும். தற்கால வன்தட்டுகளின் மின்பலகையில் அந்தந்த வன்தட்டுக்கே உரிய அளவீடுகள் கொண்ட நினைவகச் சில்லு இருப்பதால், அந்தச் சில்லையும் மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் பயன் கிட்டாது. நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கும் முனைக்கு ஒரு தூசித் துகளே பெரும் தடை. ஆய்வகங்கள் முனை மாற்றுவதற்குப் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 5ஆம் வகுப்புத் தூய்மையில், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானோ அதைவிடப் பெரிதோ ஆன துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது.

சாதாரணப் பழுதுபார்ப்புக் கடைக்கும் மீட்பு ஆய்வகத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் அறிந்திருக்க வேண்டும். கடையில் செய்வது பெரும்பாலும் மேலே சொன்ன மென்பொருள் வேலைதான். ஆய்வகத்தில் பிசி-3000 போன்ற கருவிகள் வன்தட்டின் உள்நிரலோடு நேரடியாகப் பேசுகின்றன. எந்த முனை கெட்டிருக்கிறதென்று கண்டறிந்து, நல்ல முனைகளின் பகுதிகளை மட்டும் முதலில் படிக்கின்றன. கட்டணம் அதிகம், ஆனால் ஏற்கெனவே திறக்கப்பட்டு, பலமுறை அலசப்பட்டு வரும் வன்தட்டைவிட, முதல் ஒலியிலேயே நிறுத்தப்பட்டு வரும் வன்தட்டில் அவர்களால் மீட்க முடிவது மிக அதிகம். ஒப்படைக்கும் முன், சோதனைக்குத் தனிக் கட்டணமா, எதுவும் மீட்கப்படாவிட்டால் பணம் தர வேண்டுமா, மீட்ட கோப்புகளின் பட்டியலைப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

எந்த வழியானாலும், விண்டோஸ் மடிக்கணினியில் வன்தட்டைப் பூட்டிவைக்கும் மறையாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் முழுமையான இமேஜும் திறக்காது. பலரது கணினிகளில் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால் முதலிலேயே தேடி எடுத்துவைக்க வேண்டும். சுழலும் தகடுகள் இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் கொண்ட மடிக்கணினிக்கு மேலே சொன்னவற்றில் பல பொருந்தாது; அது ஒலி எழுப்பாமல், பெரும்பாலும் ஒரே நொடியில் நின்றுவிடும்.

இமேஜிலிருந்து கோப்புகள் வந்துவிட்டன என்பதாலேயே அவை நலமாக இருக்கின்றன என்று கொள்ள முடியாது. படிக்க முடியாத செக்டர்களின் இடத்தில் இமேஜில் பூஜ்யங்களே இருக்கும். அந்த இடத்தில் விழுந்த புகைப்படம் பெயரோடும் சரியான அளவோடும் வந்து, திறந்தால் பாதி சாம்பல் நிறமாக நிற்கும். அந்த வெற்றிடங்களில் ஒரு தனி அடையாளச் சொல்லை நிரப்பும் வசதி டிடிரெஸ்க்யூவில் உண்டு. பிறகு அந்தச் சொல் எந்தெந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறதென்று தேடினால் சேதமடைந்தவற்றின் பட்டியல் கிடைத்துவிடும். மூல இமேஜின் பிரதி ஒன்றின் மீதே இதைச் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் இழக்க முடியாத கோப்பு ஏதேனும் இருந்தால்தான், பழைய வன்தட்டுக்கு மறுபடி மின்சாரம் கொடுத்து மறுமுயற்சி செய்வதற்கு நியாயம் இருக்கிறது.